ஷஅபான் முப்பது

ஷஅபான் 24

டைரியில் நான் பிறைத் தேதிதான் போடுகிறேன். இங்கிலீஷ் தேதி கல்லூரியில் நாள் முழுக்கப் போட்டுத் தேய்ந்துபோன சங்கதி. வீட்டில் எழுதுவதாவது என் இஷ்டப்படி இருக்கட்டும்.

இன்று தாளாளர் கலீல் மரைக்காயர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மகளிர் கல்லூரியை நடத்துவது அவருடைய குடும்ப டிரஸ்ட். ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் சொல்லும், நானும் அப்படித்தான். சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள ஓர் இஸ்லாமியக் கல்லூரி எங்களோடு உறவு வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறதாம். அவரும் அவருடைய மனைவி பரீதா மாமியும் போகிறார்கள். இயற்பியல் துறைத் தலைவி என்ற முறையில் நானும் வர வேண்டுமாம்.

"பிரின்சிபால் அம்மா இந்த வருஷத்தோட ரிட்டயர் ஆவுறாங்க. உங்களுக்குத் தெரியாததா டீச்சர். திரும்பி வந்ததும் கமிட்டியில உங்க பேரைத்தான் சொல்லப்போறேன்" என்றார்.

எனக்கு அந்த நாற்காலி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருக்கிறார்களே, திருப்பிப் போட்டால் வெளிச்சம் வருமே என்று எப்போதாவது நினைத்ததுண்டு. அவ்வளவுதான்.

மைமூன் லாத்தாவிடம் சொன்னேன். லாத்தா என் கூடப்பிறந்த அக்கா, பக்கத்து வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து தங்குகிறவர். எனக்கும் வாப்பா ஒரு வீடு கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைதான் வரவில்லை. பேசி வந்த இரண்டு இடத்தையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஊர் இன்னும் அதை மறக்கவில்லை. மறக்கட்டும் என்று நானும் காத்திருக்கவில்லை.

"ஹாஜியார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டு வா புள்ள. ஒரு வாரந்தானே, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் லாத்தா.

சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினேன்.

ஷஅபான் 27

வந்து சேர்ந்தோம். பரீதா மாமிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஹாஜியாருக்கு வாய் ஓயவில்லை.

எங்களை அழைத்துப்போக வந்தவள் பெயர் யுஸ்னிதார். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், முப்பத்தைந்து வயது இருக்கும். ஹாஜியாரும் மாமியும் கல்லூரிக் காரில் வர, நான் அவளுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். இந்தக் கல்லூரியில் ஃபலக் கற்றுக்கொடுக்கிறாள். பிறை எப்போது தோன்றும், தொழும்போது முகம் வைக்கிற கிப்லா எந்தத் திசை, தொழுகை நேரம் எது என்று வானத்தைக் கணக்குப் போடுகிற படிப்பு அது. வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகளாம். அதைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று தோதாக உடைந்திருப்பதால் பேச்சுக்குக் குறைவில்லை.

இவர்கள் பக்கத்திலும் வீடு பெண்ணுக்குத்தானாம். யுஸ்னிதாரின் புருஷன் அவள் வீட்டில்தான் இருக்கிறார். "உங்கள் ஊரிலுமா?" என்று அவள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நடுவில் இருப்பது ஒரு கடல்தானே என்றேன்.

விடுதி வாசலில் மாணவிகள் சூழ்ந்துகொண்டார்கள். இந்த ஊரில் பெயர் கேட்பதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். விமானத்தில் படித்து வைத்திருந்த சொல்லை எடுத்து விட்டேன்: "தீடாக்." இல்லை என்று அர்த்தம். பிள்ளைகள் முகம் விழுந்துவிட்டது. யுஸ்னிதார் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது. பெலூம் என்று சொல்ல வேண்டும். இன்னும் இல்லை என்று."

"ஐம்பத்து நாலு வயதில் என்ன இன்னும்?"

"மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகுதான் தீடாக். அதுவரைக்கும் எல்லாமே பெலூம்தான்."

சாப்பிட்டாயா, பெலூம். மெக்காவுக்குப் போனாயா, பெலூம். யார் முகத்திலும் கதவைச் சாத்தாத பாஷை. நல்ல பாஷைதான். எனக்குத்தான் ஒத்துவராது.

ஷஅபான் 28

மூன்று வேளையும் சோறு. ஹாஜியாருக்கு வயிறு சரியில்லை. பழியைப் பயணத்தின் மேல் போட்டார், மூன்று தட்டுப் பலாக்காய்க் குழம்பின் மேல் போடவில்லை.

ஷஅபான் 29

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை நடுங்குகிறது என்று லாத்தா பார்த்தால் சொல்வாள். நடுங்கவில்லை. மேசைக்கு ஒரு கால் குட்டை.

காலையில் கல்லூரி மண்டபத்தில் வரவேற்பு. ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் திரை இல்லை. ஒரு மாணவி மேடையேறி மைக்கில் குர்ஆன் ஓதினாள். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் இருக்கும் சபையில் பெண் ஓத முடியாது. ஹாஜியார் முதலில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடிக்கும்போது கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

என்னைப் பேசக் கூப்பிட வேண்டாம் என்று ஹாஜியார் இந்தக் கல்லூரித் தலைவரான ரெக்டரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாராம். ரெக்டர் மறந்துவிட்டாரோ, மறந்த மாதிரி இருந்தாரோ, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்த மைக்கைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. ஒரு கிண்ணம், ஒரு காசு, கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒளி எப்படி வளைகிறது என்று காட்டினேன். அடிவானத்தில் நாம் பார்க்கிற சூரியன் உண்மையில் ஏற்கெனவே இறங்கிப்போன சூரியன் என்றதும் பிள்ளைகள் கூவிவிட்டார்கள்.

ஒரு மாணவன் எழுந்து, உங்கள் ஊரில் பெண்கள் பிறை பார்ப்பார்களா என்று கேட்டான்.

"பார்ப்போம். மொட்டை மாடியிலிருந்து பார்ப்போம். பார்த்தோம் என்று சொன்னால் எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை" என்றேன்.

பகல் சாப்பாட்டில் ஹாஜியார் என் பக்கம் சாய்ந்தார். "வீட்டு விஷயத்தை வெளிய பேசப்படாது டீச்சர். பிறை விஷயத்துல பொம்பளை சாட்சி எடுக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்ல. அதுக்குக் காரணம் இருக்கு." ரெக்டரிடமும் இங்கிலீஷில் அதையே விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். லாத்தாவுக்காக.

சாயங்காலம் கடற்கரை. இன்று தலைப்பிறை பார்க்கிற நாள். தெரிந்தால் நாளை ரமளான் ஒன்று, நோன்பு தொடங்கும்; தெரியாவிட்டால் ஷஅபானுக்கு முப்பதாவது நாள். கடலைப் பார்த்த மேட்டில் கல்லூரிக்கு ஒரு சிறிய மண்டபம், அதன் மாடியில் யுஸ்னிதாரின் தொலைநோக்கி. மத நீதிமன்றத்திலிருந்து ஒரு நீதிபதி, ஹாகிம் என்கிறார்கள், கறுப்புத் தொப்பியோடு வந்திருந்தார். பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர் விசாரித்துச் சத்தியம் வாங்கித் தலைநகருக்குச் சொல்வார். பரீதா மாமி முழங்காலோடு வண்டியிலேயே இருந்துவிட்டார்.

யுஸ்னிதாரின் கணக்குப்படி பிறை மிகவும் தாழ்வாக இருக்கிறது. சூரியன் போன கையோடு அதுவும் போய்விடும். அடிவானத்தில் மேகம் வேறு பாய் விரித்த மாதிரி. "தெரிகிறதா?" என்று கீழேயிருந்து கேட்பார்கள், "பெலூம்" என்று மேலேயிருந்து பதில் போகும். சூரியன் இறங்கிற்று. குழு முழுவதும் முறை வைத்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மேகம்தான். பிறகு யுஸ்னிதார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "போய்விட்டது. இனி இல்லை" என்றாள்.

அப்போதுதான் ரெக்டர் மரியாதைக்காக ஹாஜியாரைப் பார்க்கச் சொன்னார். மாடியில் டியூப்லைட்டும் அப்போதுதான் போட்டார்கள்.

ஹாஜியார் குனிந்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு, "சுப்ஹானல்லாஹ்" என்றார். "இதோ ஈக்குது. கோடு மாதிரி. வளைஞ்சு."

அவர் விலகியதும் நான்தான் முதலில் குனிந்தேன். அதே மேகம். பிறையும் இல்லை, ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்துவிட்டது. ஹாஜியார் போட்டிருப்பது படிக்கவும் பார்க்கவும் சேர்த்துச் செய்த பழைய பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பாதியில் வளைவாக ஒரு துண்டு பதித்திருக்கும். பின்னாலிருந்து டியூப்லைட் அடித்ததும் அந்த வளைவின் விளிம்பு மெல்லிசாக, வெள்ளையாக, பிறை மாதிரியே மின்னிற்று. மனிதர் தன் கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தலைப்பிறை பார்த்த மனிதனின் முகம் அது. தாடி நனைந்திருந்தது.

ரெக்டர் அதற்குள் பத்திரிகைக்காரர் யாருக்கோ போன் போட்டுவிட்டார். இந்திய விருந்தாளி எங்கள் மேட்டிலிருந்து பிறை பார்த்தார் என்றால் சும்மாவா. ஹாகிம் நிதானமானவர். "இவரைத் தவிர வேறு யார் பார்த்தீர்கள்?" என்று குழுவைக் கேட்டார். ஒவ்வொருவராக, தரையைப் பார்த்துக்கொண்டு, "பெலூம்." யுஸ்னிதாரும் "பெலூம்." விருந்தாளி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. மறைந்துபோன பிறைக்கு என்ன பெலூம்? எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது.

"நோன்பு தொடங்க ஒரு சாட்சி போதும். அதுதான் நம்ம சட்டம்" என்றார் ஹாஜியார்.

"போதும். ஆனால் கணக்கு இடிக்கிறது. பக்கத்தில் நின்றவர் யார்?" என்று கேட்டார் ஹாகிம்.

ஹாஜியார் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்த அம்மாவும் பார்த்தார். எங்கள் கல்லூரியின் இயற்பியல் தலைவி" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு தமிழில், குரலைத் தாழ்த்தி, "ஆமான்னு சொல்லுங்க டீச்சர். ஒரு வார்த்தைதானே."

பகல் சோற்றின்போது செல்லாத சாட்சி அந்தி மஃரிப் தொழுகைக்குள் செல்லுபடியாகிவிட்டது. நான் ஹாகிமைப் பார்த்தேன். இங்கிலீஷில் சொன்னால் மொழிபெயர்க்கிறவர் மழுப்பிவிடுவார். அதனால் அவர்கள் பாஷையிலேயே சொன்னேன்.

"தீடாக்."

ரெக்டர் சிரித்த முகத்தோடு அருகே வந்தார். மேகம் இருந்ததால் உங்கள் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அழகாகத்தான் கதவைத் திறந்து வைத்தார். நுழைந்து போயிருந்தால் ஹாஜியாருக்கும் மானம் மிச்சம், எனக்கும் நாற்காலி மிச்சம்.

"மேகம் இருந்தது. என் கண்ணுக்கு மறைத்த மேகம் அவர் கண்ணுக்கும் மறைத்திருக்கும். ஒரே குழாய்" என்றேன். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "பிறை இல்ல ஹாஜியார். உங்க கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க."

"கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

ஹாகிம் சாட்சியை ஏற்கவில்லை. நாளை ஷஅபான் முப்பது என்று சொல்லிவிட்டு மஃரிப் தொழப் போனார்.

திரும்பும்போது யுஸ்னிதாரின் மோட்டார் சைக்கிளில் போனேன். வழியில் திட்டித் தீர்த்தேன். "உனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம். ஆனால் நீங்கள் போய்விடுவீர்கள். நாளைக்கும் நான் அதே ரெக்டர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்."

"நானும் நாளைக்கு ஒருவர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது" என்றேன். அவள் வண்டியை வேகமாக விட்டாள்.

ஷஅபான் 30

ஹாஜியார் இன்று நோன்பு. பிறையைக் கண்ணால் கண்டவன் ஊர் ஏற்காவிட்டாலும் நோன்பு பிடித்தாக வேண்டும், அதுதான் சட்டம். காலைச் சாப்பாட்டில் எல்லோரும் சாப்பிட, அவர் மட்டும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்று ரமளான் ஒன்று. எனக்கு மேலே எழுதியிருக்கிற தேதி. அடித்து மாற்றுகிற உத்தேசமில்லை.

"நான் பார்த்தேன் டீச்சர். அல்லாஹ் மேல ஆணையாப் பார்த்தேன்" என்றார்.

"நீங்க எதையோ பார்த்தீங்க. இல்லேன்னு சொல்லல. பிறை இல்ல, அவ்வளவுதான்."

"எத்தனை பேர் முன்னாடி."

"நீங்கதானே என்னைக் கேக்கச் சொன்னீங்க."

பரீதா மாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "போன வருஷமே கண்ணாடியை மாத்தச் சொன்னேன். என் பேச்சை யாரு கேக்குறாஹ."

சாயங்காலம் மாணவிகள் எலுமிச்சையும் தாழையிலையும் பூவும் போட்ட தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள். நோன்புக்கு முன்னால் இதில் தலை முழுகுவது இந்தப் பக்கத்து வழக்கமாம். யுஸ்னிதார் என் தலையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, இன்று ரெக்டரிடம் போய் நேற்றைய விவரத்தைக் கணக்கோடு சொல்லிவிட்டேன் என்றாள். ரெக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அடுத்த தடவை அப்போதே சொல் என்றாராம். கண்ணில் எலுமிச்சை பட்டு எரிந்தது.

ரமளான் 4

ஊர் வந்தாயிற்று. எங்களுக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. ஹாஜியாரை நாலு அந்நியர் மத்தியில் குருடனாக்கிவிட்டாள் என்று பேச்சாம். லாத்தா கஞ்சிச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"பார்த்தேன்னு சொல்லியிருந்தா வானம் இடிஞ்சா விழுந்திருக்கும்?"

"பார்க்கலையே லாத்தா."

"தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாம்ல."

"தெரிஞ்சுதே. இல்லைன்னு தெரிஞ்சுதே."

லாத்தா கஞ்சியை ஊற்றினாள். எனக்குப் பிடித்த மாதிரி, கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளப் பொரித்த வாடா வைத்தாள். திட்டு வேறு, வாடா வேறு.

ரமளான் 11

கமிட்டி கூடிற்று. முதல்வர் பதவிக்கு வணிகவியல் துறை ஹபீப் சார் பெயர் முடிவாகியிருக்கிறது. என்னைவிட ஒன்பது வருடம் இளையவர், நல்ல மனிதர். நாளை அலை பற்றிய பாடம், அதற்கு நீளமான ஸ்பிரிங் வேண்டும்.

ரமளான் 12

ஸ்பிரிங் கிடைத்தது. பாடம் நன்றாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். எழுதி வைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ரமளான் 29

மாடியில் ஊரே நின்றது. பிறை தெரியவில்லை. எங்கும் தகவல் இல்லை. ஆகவே முப்பதும் பிடிக்க வேண்டும். எனக்கு ஒரு கணக்கு மனதில் ஓடிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ரமளான் 30

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். லாத்தா பதறிப்போய்ப் பின்வாசல் வழியாக வந்து என்னோடு நின்றுகொண்டாள். மனிதர் இளைத்திருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

உட்கார்ந்தார். நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு எனக்கு முப்பத்தொண்ணு டீச்சர்" என்றார்.

தெரியும் என்றேன். பிறை மாதம் இருபத்தொன்பதில் முடியும், இல்லாவிட்டால் முப்பதில் முடியும். முப்பத்தொன்று என்று ஒரு நாள் கிடையாது. அவர் அங்கே பார்த்தது பிறை என்றால் அவருக்கு முப்பது நோன்பு நேற்றே முடிந்துவிட்டது.

"வெளியூர்ல இருந்து வந்தவன் இந்த ஊரோட சேர்ந்து பிடிக்கணும்னு ஒரு சட்டம் ஈக்குது" என்றார்.

"அந்த ஊரும் நம்ம ஊரும் ஒரே நாள்லதான் ஆரம்பிச்சது ஹாஜியார். நீங்க ஒருத்தர்தான் முந்தின நாள்."

அவர் கொஞ்ச நேரம் லாத்தாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நேராகச் சொன்னார். இந்தக் கணக்கு ஊரில் யாருக்கும் தோன்றவில்லையாம், தோன்றினால் என்னிடம்தான் வந்து கேட்பார்களாம். நான் பேசாமல் இருந்தால் போதுமாம். ஹபீப் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பெருநாள் கழிந்து கமிட்டியை மறுபடி கூட்டலாம்.

"உங்களுக்கு அந்த வேலை வேணுமா வேணாமா?"

லாத்தா என் இடுப்பில் விரலால் குத்தினாள்.

"வேணும் ஹாஜியார். ரொம்ப வேணும். என்னைவிட அதுக்குப் பொருத்தமான ஆளு இந்த ஊர்ல இல்ல. ஆனா பேசாம இருந்ததுக்குக் கூலியா வேணாம்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ரமளான் மாதம் பட்டப்பகலில் பாலைக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் டீ போட்டேன். லாத்தா பின்னாலேயே வந்து, "உனக்குப் பைத்தியமா புள்ள, நோன்புக்காரர் முன்னாடி" என்று முந்தானையைப் பிடித்தாள். டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். வாசல் கதவைச் சாத்தினேன்.

"நீங்க அன்னைக்குப் பார்த்தது பிறைன்னா, இன்னைக்கு உங்களுக்குப் பெருநாள். பெருநாள்ல நோன்பு ஹராம். உங்களுக்கே தெரியும். இங்க வேற யாரும் இல்ல. குடிங்க."

ஆவி பறந்துகொண்டிருந்தது. ஹாஜியார் டம்ளரைப் பார்த்தார். ஒரு தடவை கையை நீட்டினார். விரல் டம்ளரைத் தொட்டது, சூடு பட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். லாத்தா வாய்க்குள் எதையோ ஓதினாள். நான் எதிரில் நின்றுகொண்டேதான் இருந்தேன். நகரவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

"ஊத்திருங்க டீச்சர்" என்றார்.

எழுந்தார். கதவை அவரே திறந்துகொண்டு போனார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினேன்.

"இப்ப என்ன சொல்லப்போறாஹ கமிட்டியில?" என்று லாத்தா கேட்டாள்.

அவர் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.